முதுகுத் தண்டு நீர் சொல்லும் சேதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வடிதாளில் மைத்துளி வைத்து நிறங்களைப் பிரித்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பாடம் என் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு என் அண்ணிக்கு ஒரு கண் மங்கியது. அடுத்து இரண்டு கால்களும் மரத்துப் போயின. "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா இருக்கலாம். முதுகுலேருந்து நீர் எடுத்துப் பார்க்கணும்" என்றார் நரம்பு மருத்துவர். அண்ணன் மறுத்துவிட்டார். "முதுகுல ஊசி குத்தினா கால் போயிடும்டா!"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே பயம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் இறங்குகிறது. சில நாள் தலைவலி வரலாம். 1891இல் ஜெர்மனியின் குவின்கே தொடங்கிவைத்த முறை இது.

நோய் அதைவிடப் பழையது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1868இல், பாரிஸில் சார்கோ என்ற மருத்துவர் இதைத் தெளிவாக விவரித்தார். மின்கம்பியின் உறை போல நரம்பைச் சுற்றியுள்ள உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது.

எடுத்த நீரையும் இரத்தத்தையும் ஜெல் தகட்டில் வைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். இரத்தத்தில் இல்லாத புரதக் கோடுகள் நீரில் மட்டும் தெரிந்தால், எதிர்ப்புச் சக்தியின் போர் மூளைக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள். மேலைநாட்டு நோயாளிகளில் 100க்கு 90 பேருக்கு மேல் இக்கோடுகள் உண்டு. நம் நாட்டில் அவ்வளவு இல்லை.

விட்டுவிட்டு வரும் வகையா, படிப்படியாக ஏறும் வகையா என்பதைக் கோடுகள் சொல்லா. இரண்டிலும் அவை உண்டு. நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கூடினால் நரம்பு இப்போது சேதமாகிறது என்று தெரியும். ஆனால் எந்த நோயால் என்று அது சொல்லாது. வகையைப் பிரிப்பது நோய் நடந்துவந்த வரலாறுதான்.

அண்ணியின் நீரில் கோடுகள் இல்லை. சந்தேகப்பட்ட டாக்டர் இரத்தத்தில் வேறொரு சோதனை செய்தார். 2004இல் கண்டறியப்பட்ட ஓர் எதிர்ப்பொருள் அதில் இருந்தது. நோய், நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா. முன்பு பலர் இதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி இந்த நோயை மோசமாக்கக்கூடும்!

அண்ணன் கடைசிவரை மறுத்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது. இன்று அண்ணி கம்பு ஊன்றியாவது கடைத்தெருவுக்குப் போய் வருகிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். என்ன நோய் என்று தெரிந்த பிறகு மருந்தைத் தொடங்குங்கள்.