கள்ளாமையும் மகளின் பங்கும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

‘ஆண் பெண் சமன்மையும் குடும்ப மேம்பாடும்’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. பெண் கல்வியைப் பற்றி இவ்வவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆதிபகவன் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பெண்மக்கள் பட்டம் பெறுவது இன்று வியப்பன்று. ஆயினும், எழுத்தும் எண்ணும் கற்ற அம்மகளின் பெயர் வீட்டுப் பத்திரத்திலும் நிலப் பட்டாவிலும் உளதா என்று வினவினால், பல இல்லங்களில் மௌனமே விடையாகின்றது. அந்த மௌனத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

பெண் தன் பொருளுக்குத் தானே உரியவளாய் இருத்தல் நம் மரபுக்குப் புதிதன்று. போளூரை அடுத்த திருமலையில், இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வணிகன் ஒருவனின் மனைவியாகிய சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்க 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்த செய்தியை அது தெரிவிக்கின்றது. கொடுத்தவள் பெயராக அவள் பெயரே கல்லில் நிற்கின்றது. தனக்கென ஒன்று உடையவரே ஈய முடியும். பொருளுரிமை இல்லாதவளுக்கு நால்வகைத் தானமும் பிறர் கையை நோக்கி நிற்பதாகிவிடும்.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். சமணர்களாகிய நமக்கும் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே. உயில் எழுதாது மறைந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனோடு மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு அளித்தது அச்சட்டம். பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே மகளுக்கு வழங்கிற்று. எனினும், அதற்குமுன் மணமானவர்க்கு அது கிட்டவில்லை. 2005ஆம் ஆண்டு நடுவணரசு செய்த திருத்தம் மணமான மகளையும் உள்ளடக்கிற்று. அத்திருத்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 2004 டிசம்பர் 20ஆம் நாளுக்கு முன்னரே முறையாகப் பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினைகள் மாறா.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை என்ன? தந்தையார் மறைந்து சில திங்களில் மகளை அழைக்கின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் ஆயத்தமாக இருக்கின்றது. திருமணத்துக்குச் செய்த செலவு நினைவூட்டப்படுகின்றது. மறுத்தால் தாய்வீட்டு வாயில் அடைபடுமோ, ஆடிச்சீரும் அண்ணன் முகமும் இல்லாமற் போகுமோ என்னும் அச்சத்தில் அவள் கையெழுத்திடுகிறாள். தன் பங்கு எத்தனை சென்ட், அதன் மதிப்பு யாது என்பதும் அவளுக்குச் சொல்லப்படுவதில்லை.

அணுவிரதம் ஐந்தனுள் ஒன்று கள்ளாமை. கொடாததைக் கொள்வதே களவு என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அவ்விரதத்தின் அதிசாரங்களுள் அரசு நெறியைக் கடத்தலும், அளவையைக் குறைத்தலும் அடங்கும். மகளின் பங்கை மறைப்பதில் இவ்விரண்டும் உள்ளன அல்லவா? தன் பங்கு இன்னதென அறிந்தபின், மனமுவந்து அவள் விட்டுக்கொடுத்தால் அது தியாகம், போற்றுவோம். அறியாமலோ அஞ்சியோ இட்ட கையெழுத்து தியாகம் ஆகாது. எறும்புக்கும் இன்னல் நேராவண்ணம் நடக்கும் நாம், உடன்பிறந்தாளின் பங்கிலும் அவ்விழிப்பைக் காத்தல் வேண்டும்.

இவ்வுரிமையால் குடும்பம் பெறும் பயனும் பெரிது. ஆடவர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பணிக்குச் செல்ல, ஊரில் மணிலாவையும் நெல்லையும் பேணுவோர் பல வீடுகளில் பெண்களே. ஆயினும், 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் பொறுப்பிலுள்ள சாகுபடிக் கைப்பற்றுகள் ஏறத்தாழ 14 விழுக்காடே. கணவர் மறைந்தபின் பட்டா மாற்றம் செய்யப்படாவிடின், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போதும், உழவர்க்கு நடுவணரசு ஆண்டுதோறும் வழங்கும் 6000 ரூபாயைக் கோரும்போதும் அவள் இடர்ப்படுகிறாள். மற்றொன்றும் கூறுவேன். பிரதீப் பண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், சொத்தில்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் கணவரால் அடிபட்டிருந்தனர். வீடும் நிலமும் உடையோருள் அது 7 விழுக்காடே. அகிம்சை இல்லத்தினுள் தழைக்கவும் பெண்ணின் உடைமை துணைசெய்கின்றது.

நிலம் துண்டுபடுமே என்பர் சிலர். மகன் மூவர் இருந்தாலும் நிலம் துண்டுபடத்தான் செய்யும். அங்கே எவரும் பங்கை மறுப்பதில்லை. கூட்டுப் பட்டா வைத்துக்கொண்டு விளைச்சலைப் பகிரலாம். உரிய விலை கொடுத்துச் சகோதரர் அப்பங்கை வாங்கலாம். பங்கு பெறும் மகளுக்குக் கடமையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் இருவரையுமே பொறுப்பாக்குகின்றது. தாய் தந்தையரைப் பேணும் சுமையையும் அவள் மகிழ்வோடு ஏற்றல் வேண்டும்.

தந்தையரே, உங்கள் சொத்து விவரத்தை மகன் அறிந்த அளவுக்கு மகளும் அறியுமாறு, நீங்கள் உள்ளபோதே ஒருநாள் இருவரையும் ஒருங்கே அமர்த்திக் கூறுங்கள். சகோதரரே, விடுதலைப் பத்திரத்தை நீட்டுமுன், பங்கின் அளவையும் மதிப்பையும் எழுதி அவள் கையில் கொடுத்து, எண்ணிப் பார்க்கக் காலமும் கொடுங்கள். அதன்பின் அவள் எது சொல்லினும் தாய்வீட்டு வாயில் திறந்தே இருக்கட்டும். சகோதரியரே, படித்துப் பாராத எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

பிராமி கற்ற எழுத்தும் சுந்தரி கற்ற எண்ணும் பட்டாவிலும் பயன்படட்டும். இல்லந்தோறும் கள்ளாமை நிலைபெறுக! ஜின அறம் ஓங்குக!