இளமையும் இதயமுடுக்கியும்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களிற் பெரும்பாலோர்க்கு உடலின் உரமே முதற்பொருள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கரைவலை இழுப்போர், கிண்ணியாவிலும் மூதூரிலும் தோணி செலுத்துவோர், சீனன்குடாவில் மூட்டை தூக்குவோர், படகின் இயந்திரத்தைப் பழுதுபார்ப்போர் ஆகிய இவர்களுடைய வீட்டில் அடுப்பெரிவது தோளின் வலிமையால். அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு வயது 22 என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி மயங்கி விழுகிறான். வைத்தியர் சோதித்துவிட்டு, நெஞ்சினுள் இதயமுடுக்கி என்னும் கருவியைப் பொருத்தவேண்டும் என்கிறார். உயிர் பிழைப்போமா என்று அவன் கேட்பதில்லை. “இனி நான் வலை இழுக்கலாமா?” என்றே கேட்கிறான். அந்தக் கேள்விக்குரிய விடையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இதயத்தின் தொழிலை நோக்குவோம். இதயத்தின் வலப்பக்க மேலறையில் இயற்கையே அமைத்த சிறு கணு ஒன்று உண்டு. அதிலிருந்து எழும் மெல்லிய மின்துடிப்பு, மேலறைகளைக் கடந்து கீழறைகளுக்குச் சென்று அவற்றைச் சுருங்கச் செய்கிறது. நிமிடத்துக்கு 70 முறை எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்பு. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வழி அடைபட்டால் துடிப்பு 40-க்கும் கீழே இறங்கிவிடலாம். மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையும், தலை சுற்றும், நினைவு தப்பும்.

இது முதியோர்க்கே வரும் நோய் என்று பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில் இவ்வடைப்புப் பிறவியிலேயே காணப்படுகிறது. சிலர்க்கு இதயத்திலுள்ள துவாரத்தை அடைக்கச் செய்த சத்திரசிகிச்சையின் பின்னர் வருகிறது. வேறு சிலர்க்கு இதயத் தசையின் அழற்சியால் நேர்கிறது. எனவே இளைஞன் ஒருவனுக்கு இது நேர்ந்தால், அவன் செய்த தீயொழுக்கமோ, முன்னோர் செய்த வினையோ காரணம் என்று ஊரார் பேசுவது அறியாமையாகும்.

இக்கருவியின் வரலாறு வியப்புக்குரியது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அக்காலத்து இதயமுடுக்கிகள் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தால் இயங்கிய பெரும் பெட்டிகள். மின்சாரம் நின்றால் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளின் இதயத்துக்கும் துணை நின்றுவிடும். லில்லெஹை என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஏர்ல் பாக்கன் என்னும் மின்பொறி வல்லுநரிடம் மாற்றுவழி கேட்டார். இசைக்குத் தாளம் காட்டும் கருவியின் சுற்று ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியைப் பாக்கன் சில வாரங்களிற் செய்து கொடுத்தார்.

மறு ஆண்டு, 1958 அக்டோபர் 8ஆந் திகதி, சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருடைய உடலினுள்ளேயே கருவி வைக்கப்பட்டது. அவருக்கு வயது 43. நாளொன்றுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். கணவரைக் காக்க வேண்டுமென்று மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் விடாது வற்புறுத்தியவர் அவருடைய மனைவி. சப்பாத்து மை வரும் தகரக் குப்பியை அச்சாகக் கொண்டு கருவி வார்க்கப்பட்டது. அது சில மணி நேரத்திலேயே ஓய்ந்தது. கைவசமிருந்த மற்றொன்றைப் பொருத்தினார்கள். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு உதவின. அவர் பணியாற்றினார், பயணஞ் செய்தார், 86 வயது வரை வாழ்ந்து 2001இல் காலமானார். தம்மைக் காத்த மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார்!

இன்றைய கருவி தீப்பெட்டியைவிடப் பெரிதன்று. எடை ஏறத்தாழ 30 கிராம். காறை எலும்பின் கீழே தோலினடியில் வைத்து, அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பியை நாளத்தின் வழியாக இதயத்துக்குச் செலுத்துவர். பெரும்பாலோர்க்கு முழு மயக்கமின்றி, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே இதனை முடிப்பர். முதற் சில வாரங்களுக்கு அப்பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தலாகாது, பாரம் தூக்கலாகாது. கம்பி இதயச் சுவரில் நன்கு பற்றிக்கொள்ளும் வரை இந்த விரதம் அவசியம். வீச்சுவலை எறிவதும் கரைவலை இழுப்பதும் இக்காலத்தில் ஆகா. காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மயக்கம் மீண்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அதன்பின் வலை இழுக்கலாமா? வைத்தியரின் அனுமதியோடு பெரும்பாலோர் இழுக்கலாம், நீந்தலாம், துவிச்சக்கரவண்டி ஓட்டலாம். கோணேசர் கோயிலின் ஏற்றத்தில் ஏறும்போது உடலின் அசைவை உணர்ந்து துடிப்பைத் தானே கூட்டித்தரும் கருவிகளும் இன்று உள்ளன.

ஆயினும் எதையும் இழக்க வேண்டியதில்லை என்று கூறுவது உண்மையாகாது. சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கருவியின் உறை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. நீரடியில் மயக்கம் வந்தால் காப்பாற்ற ஆளுமில்லை. இரும்பை மின்னால் ஒட்டும் வேலையில் எழும் வலிய மின்காந்தப் புலம் கருவியைக் குழப்பக்கூடும். இத்தொழில்களைத் தொடரலாமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சிலர் வேறு தொழிலுக்கு மாறவும் நேரும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மின்பொறிப் பகுதியின்மேல் நெஞ்சைச் சாய்க்கலாகாது. கைத்தொலைபேசியைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் வையாது, 15 சென்ரிமீற்றராவது விலக்கி வைத்தல் நன்று. பாதுகாப்பு வாயில்களில் அடையாள அட்டையைக் காட்டி, நில்லாமல் இயல்பாக நடந்து கடந்துவிடலாம்.

உடல் இவ்வாறு பழகிக்கொள்ளும். மனம் பழகுவதற்கே நாள் பிடிக்கும். கண்ணாடியில் தழும்பைக் காணும்போதெல்லாம், “என் உயிர் ஓர் இயந்திரத்தின் கையில் இருக்கிறது” என்னும் எண்ணம் எழும். இரவில் இடக்கையில் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டு உறக்கம் தொலைப்போரும் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது யாதெனில், இக்கருவி இதயத்தின் எசமானன் அன்று. இதயம் தானே துடிக்கும்போது இது வாளாவிருந்து கவனிக்கிறது. குறித்த நேரத்தில் துடிப்பு வரவில்லையெனில் மட்டும் மெல்லத் தூண்டுகிறது. தோணியைச் செலுத்துபவன் கண்ணயரும்போது அவன் தோளைத் தட்டும் தோழனை ஒத்தது அது.

இதனினும் பெரிய துன்பம் மறைத்தலால் வருவது. மகனுக்குப் பெண் பேசும்போதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும், கருவியைப் பற்றி வாய்திறவாதிருக்கும் பெற்றோர் உளர். அவர்களுடைய அச்சம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் மறைத்து முடித்த மணம், தழும்பு வெளிப்படும் நாளில் நம்பிக்கையை இழக்கிறது. கருவியுடைய பெண்கள் பலர் வைத்தியரின் மேற்பார்வையிற் கருவுற்று நலமாக மகப்பேறு அடைந்திருக்கின்றனர். உண்மையைக் கூறிப் பேசும் சம்பந்தமே நிலைக்கும். தொழிலிடத்திலும் அப்படியே, உடன் வேலைசெய்யும் ஒருவராவது அறிந்திருந்தால், இடர் நேரும்போது அவரே முதல் உதவியாளர்.

இளைஞர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. மின்கலம் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும். 22 வயதிற் பொருத்திக்கொண்டவர் தம் வாழ்நாளில் நாலைந்து முறையாவது அதனை மாற்ற வேண்டியிருக்கும். அது திடீரென்று ஓய்ந்துவிடுவதில்லை. குறித்த காலத்திற் பரிசோதித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். உடல் நன்றாக இருக்கிறது, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணஞ் செய்து கொழும்புக்குப் போவானேன் என்று எண்ணி, அங்கே சோதனைக்கு நாள் குறிக்கப்பட்டவர் அதனைத் தவறவிடலாகாது. ஒருநாட் கூலி போனாற் போகட்டும்!

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர். மருத்துவரும் மருந்தும் தம் பணியை ஓரிரு மணி நேரத்திற் செய்து முடித்துவிடுகின்றனர். எஞ்சிய ஐம்பது ஆண்டுகள் நோயாளியினுடையவை, பேணுவோருடையவை. தாய், தந்தை, நண்பர், முதலாளி, அயலார் அனைவரும் அந்த நான்காம் உறுப்பைச் சேர்ந்தவரே. அவ்விளைஞன் மீண்டும் கரைக்கு வரும் காலையில் அவனை இரக்கத்தோடு ஒதுக்கி உட்கார வைக்க வேண்டாம்; அவனால் இயன்ற இடத்தைக் கயிற்றில் அவனுக்கு விட்டுக்கொடுங்கள்.