முந்நூறு நாள் சும்மா கிடந்த என்ஜின்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விண்வெளி விஞ்ஞானி இல்லீங்க. எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் எஞ்சினியர். வால்வு, பம்பு, பைப் லைன், இதுதான் என் உலகம். செவ்வாயையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன்.

செவ்வாய் ஏன் சிவப்பு? துருதான் காரணம். அங்குள்ள மண்ணிலும் தூசியிலும் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி இற்றுப்போவதைப் பார்த்து வளர்ந்த ராயபுரம், காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் துருவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. குறுக்களவில் அது பூமியில் ஏறக்குறையப் பாதி. அங்கே ஒரு வருடம் என்பது நம் கணக்கில் 687 நாள். ஒலிம்பஸ் என்ற எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம். நம்ம எவரெஸ்ட் 9 கிலோமீட்டர்கூட இல்லை. மரினர் பள்ளத்தாக்கு சுமார் 4,000 கிலோமீட்டர் நீளம். காஷ்மீரில் தொடங்கினால் கன்னியாகுமரியையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடும்!

காற்று? நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதிலும் 95 சதவீதம் கரியமில வாயு. சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. அங்கே தண்ணீரைக் கொட்டினால் நிற்காது. உறையும், அல்லது ஆவியாகும். ஆனால் ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம் இருக்கிறது. 2021இல் இறங்கிய அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழைய ஆறு ஒன்று வண்டல் கொட்டிய இடத்தைத்தான் ஆராயப் போனது. பிறகு என்ன ஆயிற்று? கிரகத்தின் காந்தப் புலம் போய்விட்டது. காவல் இல்லாத காற்று மண்டலத்தைச் சூரியக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது நம்ம மங்கள்யான் கதைக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால் திருவொற்றியூர் கடற்கரையிலிருந்தே ராக்கெட் போகும் புகைக்கோடு தெரியும். 2013 நவம்பர் 5 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. செலவு சுமார் 450 கோடி ரூபாய். திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன்.

பி.எஸ்.எல்.வி.க்கு அதை நேராகச் செவ்வாய்க்கு வீசும் பலம் கிடையாது. அதனால் பூமியையே சுற்றிச் சுற்றி, அவ்வப்போது என்ஜினைக் கொஞ்சம் இயக்கி, பாதையை நீட்டி, டிசம்பர் 1 அதிகாலையில் செவ்வாய்ப் பாதையில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய என்ஜினுக்குச் சுமார் 300 நாள் வேலை இல்லை. செவ்வாய் அருகே போனதும் வேகத்தைக் குறைக்க அதே என்ஜின் மறுபடி எரிய வேண்டும். எரியாவிட்டால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும்.

ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கு இது புரியும். ஆறு மாதம் மூடிக்கிடந்த வால்வு, திறக்கச் சொன்னதும் திறந்துவிடுமா? நாம் சாவியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஓடுவோம். அங்கே யார் ஓடுவது?

ஓட முடியாது என்பதை முன்பே ஒப்புக்கொண்டு வடிவமைத்தார்கள். முதல் கட்ட வேலைக்கு ஒரு எரிபொருள் வழி. கடைசி வேலைக்கு, அதுவரை தொடாத இன்னொரு வழி. பெரிய என்ஜின் கைவிட்டால் எட்டுச் சின்ன உந்துபொறிகள் தயார். 2014 செப்டம்பர் 22இல் நான்கு விநாடி எரித்துச் சோதனை பார்த்தார்கள். எரிந்தது!

செப்டம்பர் 24 காலை என்ஜின் ஏறக்குறைய 24 நிமிடம் எரிய வேண்டும். சிக்னல் வந்து சேரவே பன்னிரண்டரை நிமிடம். இடையில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் கட்டளைகளைப் பல நாள் முன்பே ஏற்றிவிட்டார்கள். வேளை வந்தபோது யாரும் தொடாமல் அது தன் வேலையைத் தானே செய்தது. செவ்வாயின் சுற்றுப்பாதையில் கலத்தை நிறுத்திய முதல் ஆசிய நாடு நாம்.

எல்லாம் நினைத்தபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். மீத்தேனைத் தேடப் போன கருவி, மீத்தேன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கென்று கட்டிய கலம் 2022 வரை, ஏழரை வருடம் உழைத்தது.

தம்பி தங்கைகளே, வடசென்னையில் படித்தால் கடைசியில் ஆலையில் ஸ்பேனர்தானே என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்குப் போனதும் நம் தொழில்தானப்பா! எது பழுதாகும் என்று முன்கூட்டியே யோசிப்பது, மாற்று வழி வைப்பது, சோதித்துப் பார்த்த பிறகே நம்புவது. லேபில் வால்வைக் கழற்றி மாட்டும்போது, இதைத் திருத்த யாருமே வர முடியாத இடத்தில் இது இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி உங்களை நல்ல எஞ்சினியர் ஆக்கும்.