இனமும் பண்பும்



திருவண்ணாமலை இரமணாசிரமத்துக்குச் செல்வோர், அங்குள்ள மாத்ருபூதேசுவரர் ஆலயத்தையும் காண்பர். 1949-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட கருங்கற் கோயில் அது. கோயில் எழுப்பும் சிற்பிகள் விமானத்தை அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், ஸ்தூபி என ஆறு உறுப்புகளாகப் பகுப்பர். ‘அதிட்டானத்துக்குரிய கல்’ என்று தலைமைச் சிற்பி சொன்னால், அது எங்கே அமைவது என்று ஒருவரும் ஐயுறார். பலர் கூடிச் செய்யும் பணிக்குப் பொதுவான பெயர் இன்றியமையாதது அன்றோ?

இன்று, கட்டிடத்தை முதலில் கணிப்பொறியில் எழுப்பிப் பார்த்துப் பின்னர் நிலத்தில் எழுப்பும் முறை பரவி வருகின்றது. இதனைச் சுருக்கமாக ‘பிம்’ என்பர். நாகபுரி மெட்ரோ இரயில் பணியில் இம்முறை கையாளப்பட்டது. சாதாரண வரைபடத்தில் கதவென்பது சில கோடுகளே. ‘பிம்’ முறையிலோ அது கதவாகவே பதியப்படும். அதன் அகலம், அது மரமா இரும்பா, எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்னும் பண்புகளும் உடன் பதியப்படும்.

நன்னூலார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுத்ததை நீங்கள் பயின்றிருப்பீர்கள். கட்டிடத்துக்குக் கதவு சினை. தீயைத் தாங்கும் ஆற்றல் அக்கதவின் குணம். இவ்விரண்டையும் குழப்பலாகாது.

ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ‘கதவு’ என்றும், மற்றொருவர் ‘வாயில்’ என்றும், வேறொருவர் ‘க-1’ என்றும் பதிகின்றனர். சிலர் தீயைத் தாங்கும் நேரத்தைக் குறிக்காமலே விடுகின்றனர். ‘ஒரு மணி நேரம் தீயைத் தாங்காத கதவுகள் எவை?’ என்று பின்னர் ஒருவர் வினவுகிறார். மனிதன் ஊகித்து அறிவான், கணிப்பொறி ஊகியாது. பட்டியலில் விடுபட்ட கதவு, தீப்பற்றும் நாளில்தான் வெளிப்படும்.

இக்குறை நீங்கவே ஐ.எஃப்.சி. என்னும் பொது வடிவம் தோன்றியது. 2013-இல் அது ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. உறுப்பின் இனம், அதன் பண்புத் தொகுதி, வகைப்பாட்டு எண் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே நிற்கின்றன. விலை மதிப்பிடுவோர் பொருள்களை ஒருவகையாக அடுக்குவர். பராமரிப்போர் வேறுவகையாக அடுக்குவர். ஆதலின் ஒரே கதவுக்குப் பல வகைப்பாட்டு எண்களையும் இணைக்க அது இடந்தருகின்றது.

ஒன்றைப் பல முகங்களில் நோக்கி வகுக்கும் கலையில் நம்மவர் ஒருவர் வழிகாட்டினார். 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களே அவர். 1933-இல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை, நூலின் பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், பல முகங்களாகப் பிரித்து எண்ணிட்டது. 1997-இல் இங்கிலாந்தில் கட்டிடத் துறைக்கென வெளிவந்த யூனிக்ளாஸ் பகுப்பும் இத்தகைய முகவழிப் பகுப்பேயாகும்.

நாளை நீங்கள் எத்துறையில் புகினும், ஒன்றைப் பதியுமுன் இரு வினாக்களைத் தனித்தனியே கேளுங்கள்: இஃது எவ்வினம்? இதன் பண்புகள் யாவை? இவ்விரண்டுக்கும் தெளிந்த விடை எழுதிவைப்பவர், தமக்குப்பின் வருவோர் பலரைக் காப்பவராவர்.