எண்ணெய் டின்னின் எழுத்தைப் படியுங்கள்
(சிங்கப்பூர்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளிக்கும், ஆபீசுக்குப் போகும் கிராணிக்கும், விடியுமுன் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்க்கும் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றது. ஆகவே அதற்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

சிராங்கூன் சாலையை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்துக் கடைக்குப் போனால், விலை கூடிய டின்னே நல்லதென்று வாங்கி வருகிறோம். அது சரியன்று. நாம் கொண்டுவரும் பாலை வாளியின் நிறைவைக் கண்டா மதிப்பிடுகிறார்கள்? அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று அளந்தல்லவா கணக்கிடுகிறார்கள்! எண்ணெய்க்கும் அப்படி அளவுகள் உண்டு.

முதலாவது, தடிப்பு. 10டபிள்யூ-40 என்பது எஸ்.ஏ.இ. கணக்கு, 1911இல் அமெரிக்காவில் தொடங்கியது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முன் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதையும், பின் எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு தடிப்பு நிற்கும் என்பதையும் காட்டும். உறைபனி காணாத நம் நாட்டில் பின் எண்ணையே முதலில் பாருங்கள். அதற்காக, வண்டிப் புத்தகம் சொல்வதைவிடத் தடித்ததை ஊற்றாதீர்கள். இஞ்சின் பாரம் இழுக்கும், பெட்ரோல் வீணாகும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. தரம். 'எஸ்' பெட்ரோலுக்கு, 'சி' டீசலுக்கு. எஸ்.எல். 2001இலும், எஸ்.என். 2010இலும், எஸ்.கியூ. 2025இலும் வந்தவை. எழுத்து பின்னால் போகப் போகத் தரம் புதியது.

மூன்றாவதே நமக்கு முக்கியம். நம் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆகவே ஜப்பானியர் வகுத்த 'ஜாசோ எம்.ஏ.' முத்திரையைத் தேடுங்கள்.

நான்காவது, மூல எண்ணெய். இதில் ஐந்து பிரிவுகள். முதல் மூன்றும் மண்ணெடுத்த கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. படிப்படியாகக் கந்தகம் முதலிய அழுக்கு நீங்கியவை. நான்காவது, ரசாயன முறையில் கட்டியமைத்த பி.ஏ.ஓ. மற்றவை ஐந்தாவது. சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை 1961இல் புக்கோம் தீவில் தோன்றியது. இன்று இந்நாட்டிலேயே இரண்டாம் பிரிவு எண்ணெய் தயாராகிறது.

'செயற்கை எண்ணெய்' என்ற சொல்லில் மயங்காதீர்கள். மூன்றாம் பிரிவையும் அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரு கம்பெனிகள் மோதின. அழைக்கலாம் என்று விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999இல் கூறிவிட்டது. அது நல்ல எண்ணெய்தான். ஆனால் நான்காம் பிரிவின் விலையை அதற்குக் கொடுக்குமுன் யோசியுங்கள்.

தோழர்களே! எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. மாற்றிய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள், பட்டறையில் ஒப்படையுங்கள்.

படிக்காமல் கையெழுத்திடாதே என்று சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. படிக்காமல் காசும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன்.