இறாலும் குடம்புளியும்

 

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேஜன் மக்கள் என்போர் வாழ்கின்றனர். கனடாவின் அக்கேடியாப் பகுதியினின்று 1755 முதல் ஆங்கிலேயரால் விரட்டப்பட்ட பிரெஞ்சு மொழியாளரின் வழிவந்தோர் அவர்கள். வெண்ணெயில் மாவை வறுத்து, வெங்காயமும் குடைமிளகாயும் செலரியும் வதக்கி, இறாலை அதில் மூடி வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர். 'எத்தூஃபே' என்பது அதன் பெயர். மூச்சடக்கியது என்று பொருளாம்! குடியேறிய மண்ணின் விளைபொருளைத் தமதாக்கிக்கொண்ட உணவு அது.

நம் சட்டிக்கு வருவோம். இந்நகர் வந்த புதிதில், சாலைக் கடைத்தெருவில் குடம்புளியைக் கண்டு நம் தாய்மார் முகஞ்சுளித்தனர். கரிய, புகைநாறும் அச்சுளைகளைப் புளியென ஒப்ப மனம் வரவில்லை. ஊர்ப்புளியையே கரைத்து வந்தோம். அண்டை வீட்டு அம்மை ஒருவரே நமக்குக் கைப்பழக்கம் கற்பித்தார். சுளைகள் இரண்டு மூன்றைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்தல் வேண்டும். மண்சட்டியில், அரைத்த தேங்காயும் மிளகாயும் மஞ்சளும் சிற்றுள்ளியும் கூடிக் கொதித்து, புளி நன்கு இறங்கிய பின்னரே, முதுகு நரம்பு நீக்கிய இறாலை இடுதல் வேண்டும். சிவந்து சுருண்டதும் இறக்குக, தாமதித்தால் ரப்பரே! எஞ்சிய குழம்பிலிருந்து சுளைகளை எடுத்துவிடுக. இன்றேல் மறுநாள் புளிப்பு மிகும்.

தமிழ் மணம் போயிற்றென மூத்தோர் சிலர் வருந்துவர். புளி மாறியதற்கு நாம் வருந்தவில்லை. நம் பிள்ளைகள் இறாலைக் 'கொஞ்சு' என்றே அழைக்கின்றனர். அதுவே நெஞ்சை உறுத்துகின்றது. 'கொஞ்சு' கேட்கும் பிள்ளையிடம் 'இறாலா?' என்று வினவி, அச்சொல்லை அதன் வாயிற் கேட்ட பின்னரே நாம் அகப்பையை எடுக்கின்றோம்.