சல்வியா வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



லய வாசலில் சிவப்புச் சல்வியா பூத்து நின்றால் தனி அழகுதான். பிரேசில் நாட்டுச் செடி என்றாலும் நம்ம துளசிக்குச் சொந்தம். ஆனால் செடி கொஞ்சம் வாடினதும், "ஐயா, ஸ்டோர்ல கொஞ்சம் மருந்து வாங்கித் தாங்க" என்று வந்துவிடுகிறீர்கள்.

போன கார்த்திகை மழையில் ஒரு அக்கா அப்படித்தான் வந்தார். போய்ப் பார்த்தேன். பழைய பெயின்ட் வாளியில் செடி. அடியில் ஓட்டை இல்லை. பிடுங்கினால் வேர் கறுத்து அழுகல் நாற்றம். மேலே நின்ற தண்ணீரில் கொசுப்புழு வேறு! இலைக்கு மருந்து அடித்து என்ன பயன்?

உச்சி வெயிலில் வாடி, பொழுது சாய நிமிர்ந்தால் அது நோயில்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடிக் கிடந்தால் வேரைப் பாருங்கள். வாளிக்கு ஓட்டை போடுங்கள், பாத்திக்குக் கான் வெட்டுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

இலையில் வெள்ளை மாவு படிந்தால் அது பங்கசு. அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். காற்றோட்டத்துக்கு 1 அடி இடைவெளி விட்டு நடுங்கள்.

இலையடியில் அசுவினி, வெள்ளை ஈ இருந்தால் 1 லீட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி சவர்க்காரத் துருவலைக் கரைத்து, மாலையில் இலையடியில் தெளியுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். வெயில் காலத்தில் இலை புள்ளி புள்ளியாக வெளிறி மெல்லிய நூல் கட்டினால் சிலந்திப்பூச்சி. இலையடியில் தண்ணீர் அடித்துக் கழுவினாலே குறையும்.

நெட்டையாக வளர்ந்து பூக்கவில்லையா? நிழல் கூடியிருக்கும், அல்லது யூரியா கூடியிருக்கும். நுனியைக் கிள்ளுங்கள். கொழுந்து கிள்ளக் கிள்ளத் தேயிலை தழைப்பதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? காய்ந்த பூக்கதிரை வெட்டினால் மறுபடி பூக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மலைக்கு அடிக்கிற மருந்தைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தப்பித்தவறி குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

செடி பட்டுப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு கிளை வாங்கி மறுபடி நடலாம். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.